வக்தியின் பெயரில் ஒரு புழு

அலெக்சாந்திரியாவின் அன்ஃபூஷிக் கரையில் இருக்கும் கடலாய்வு நிலையத்துக்கு டாக்டர் சுஹேர்தான் முதலில் வருவாள், கடைசியில் போவாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், சீக்கிரம் போக? பிள்ளை குட்டி இல்லை. கணவர் வக்தியும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் பெயர் மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது.

படகுகளின் அடியில் சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் புழுக்களை வக்தி ஒருமுறை முங்கிச் சுரண்டி எடுத்து வந்தார். குழாயின் வாயை அடைக்க அந்தப் புழுவுக்குத் தலையில் ஒரு மூடி உண்டு. மூடியைப் பார்த்துத்தான் எந்தக் குடும்பக் கிளை, அதாவது எந்தப் பேரினம் என்று பிரிப்பார்கள். இவற்றின் மூடி முள்ளில்லாமல் மொழுக்கென்று இருந்தது. புதுப் பேரினம் என்று சொல்லி சுஹேர் 'வக்தியா' என்று பெயர் வைத்தாள். எங்கோ ஜப்பானில் ஒருவர் தன் கட்டுரையில் அந்தப் பெயரை எழுதினால், இவளுக்கு அன்று சோறு இறங்கும்.

ஒரு காலையில் நிலையத்துத் தொட்டியில் இருந்த ஒரு புழுவை உருப்பெருக்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். துறைமுகத்தில் மண்டிக் கிடக்கும் சாதாரணப் புழு அது. அதன் முள்மூடியை நண்டு கடித்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் முளைத்திருந்த புது மூடி முள்ளில்லாமல் மொழுக்கென்று இருந்தது. அச்சு அசல் வக்தியா.

அப்போதுதான் உறைத்தது. அன்று வக்தி எந்தப் படகின் அடியில் முங்கினாரோ, அதைச் சில நாள் முன்புதான் படகுக்காரர்கள் பெருநாள் அவசரத்தில் அரைகுறையாகச் சுரண்டி விட்டிருந்தார்கள். தப்பிய புழுக்களுக்கெல்லாம் மூடி போய், புதிது முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. புதுப் பேரினம் கிடைத்த குஷியில் அதை யார் விசாரித்தார்கள்?

காவலாளி ஷாபான் ரொட்டியும் அவரை மசியலும் கொண்டு வந்து வைத்தார்.

"என்ன டாக்டரம்மா, இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"வக்தியான்னு ஒரு புழுவே இல்ல, ஷாபான் அண்ணே. மூடி ஒடஞ்ச பழைய புழுதான் அது."

"இவ்வளவுதானா? தொட்டியக் கவுத்துட்டுச் சாப்பிடுங்க. புழு வந்து சாட்சியா சொல்லப் போகுது? மனுஷன் பேரு இருந்துட்டுப் போகட்டுமே."

"அவருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு."

"செத்தவரு எப்பிடிம்மா திட்டுவாரு?"

"அதான் அண்ணே கஷ்டம். திட்டக்கூட ஆளில்ல."

தொட்டியை அவள் கவிழ்க்கவில்லை. தன் பேரினம் செல்லாது என்று தானே கட்டுரை எழுதி அனுப்பினாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று சக ஆய்வாளர்கள் சிரித்தார்கள். அவர்கள் கிடக்கிறார்கள். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். எனவே பழைய பெயருக்குக் கீழே, வழக்கொழிந்த பெயராக வக்தியா ஒதுங்கியது.

அதன்பின் ஜப்பானிலும் யாரும் அதை எழுதவில்லை. அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் சுஹேர் ஒருத்திதான் மிச்சம். வீட்டுக்குப் போனதும் சில நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். 'என்ன?' என்று கேட்க அங்கே யாரும் இல்லை.