அவள் தொட்ட ஐந்து கைகள்

ஒருத்தி கை பட்டால் ஆள் செத்துப்போவான் என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்களா, அல்லது சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்து விட்டுக்கொள்வீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் தெருவிலும் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

பதினான்கு மாதத்தில் அந்தத் தெருவில் ஐந்து பேர் போனார்கள். மேஸ்திரி கைகழுவும் தொட்டியின் முன் குனிந்தவர் நிமிரவே இல்லை. பசை காய்ச்சுகிறவள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். இறங்க வேண்டிய இடம் தாண்டி ஆறு நிறுத்தம் கழித்துத்தான் நடத்துநர் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஐந்தும் மாரடைப்பு. ஐந்து பேர் வீட்டிலும் ஒரே மாதிரி மடித்த அட்டை, அட்டையில் ஒரு பச்சைப் புள்ளி. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, கவலை இல்லை என்று அதற்கு அர்த்தம். ஐந்து பேர் கையிலும் கடைசியாக அழுத்தப் பட்டை கட்டிப் பார்த்தவள் அந்தத் தெருத் தையல்காரி.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. தொழிற்சாலைக்குச் சீருடை தைப்பவள். ஒரு நிறுவனம் பணம் கொடுக்க, கிளினிக்கும் தெருச் சங்கமும் கைகோத்து இதய நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, வீடுவீடாகப் போக ஆள் தேடினார்கள். கிளினிக்குக்கு வராத ஜனம், தெரிந்த முகம் வாசலுக்கு வந்தால் கையை நீட்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். தெருவில் எல்லாருடைய உடம்பையும் அளந்தவள் என்பதால் அவளைப் பிடித்தார்கள்.

அவளிடம் கொடுத்த பெட்டியில் பொத்தானை அழுத்தினால் கையில் கட்டிய பட்டை உப்பும். ஒரு கணம் எதையோ உற்றுக் கேட்பது போல நிற்கும். பிறகு நீளமாக மூச்சு விடும். பச்சை விளக்கு எரியும். முதல் ஆறு மாதம் அந்தப் பச்சையைப் பார்த்துத் தெருவே மகிழ்ந்தது. மூன்றாவது சாவுக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை அவள் பெட்டியோடு திரும்பும் முனையில் முதல் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். அவள் நடக்க நடக்க, அடுத்தது, அதற்கடுத்தது. தெருவின் கடைசி வரை அந்தச் சத்தம் அவளுக்கு இரண்டடி முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

"தையல்காரம்மா, என்னை மட்டும் விட்டுடு தாயே. இன்னும் ரெண்டு பொண்ணைக் கரையேத்தணும்" என்றான் சாவி செய்கிறவன், கும்பிட்டபடி. விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் கும்பிட்டு முடித்த கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

கொடுமை என்னவென்றால், அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். இரவுச் சாப்பாட்டை அண்ணன் தட்டில் போடும்போது கைகள் உரசாமல் பார்த்துக்கொண்டாள். அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அவன். சுவருக்கு வண்ணம் அடிப்பவன், ஒல்லி. சில வாரங்களாகக் காலையில் எழும்போதே பின்மண்டை வலிக்கிறது என்றான்.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் பாக்கிறே, எனக்கு மட்டும் பாக்க மாட்டேங்கிறே?"

"போன தடவை பச்சைதானே வந்துச்சு. போதும்ணே."

"பயமா? நான் போனா வாடகை யார் குடுப்பான்னு பாக்கிறியா?"

"வாயை மூடு."

அவன் சிரித்தான். அவள் உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அன்றைக்கு நான்காவது முறை.

புதுச் சீருடைக்கு ஆர்டர் வந்தது. செத்தவர்களின் அளவை அடிக்க வேண்டியிருந்தது. நோட்டைப் பிரித்தாள். மேஸ்திரி: தோள், நீளம், மேல்கைச்சுற்று எட்டரை அங்குலம். கோடு போட்டாள். பசை காய்ச்சுகிறவள்: கைச்சுற்று எட்டேகால். கோடு. மூன்றாவது பக்கத்தில் பேனா நின்றது. ஒன்பது. நான்காவது, எட்டே முக்கால். ஐந்தாவதைத் திருப்புவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டரை. ஒல்லிக் கைகளாகவே யாரோ அளவு பார்த்துப் பொறுக்கி எடுத்த மாதிரி இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த அறையில் அவள் பிடரி வியர்த்தது.

அடுத்த பக்கத்தில் அண்ணன். ஒன்பது.

பேய்க்கு இன்ச் டேப் எதற்கு? அந்தக் கேள்விதான் அவளைக் காப்பாற்றியது. பெட்டியைத் திறந்து பட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: 35 முதல் 44 சென்டிமீட்டர் வரை. டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்தாள். ஒன்பது அங்குலம் என்றால் இருபத்து மூன்று. முப்பத்தைந்து சென்டிமீட்டர் கை அந்தத் தெருவில் எத்தனை பேருக்கு இருந்தது? கசாப்புக் கடைக்காரர் ஒருவருக்கு.

வேலைத் தளத்தில் ஏணி மேல் நின்ற அண்ணனை, வண்ண உருளையும் கையுமாக இறக்கி இழுத்துக்கொண்டு போனாள். கிளினிக் செவிலி அலமாரியின் அடித்தட்டில் தேடிச் சிறிய பட்டையை எடுத்தாள். பட்டை உப்பியது, கேட்டது, மூச்சு விட்டது. தையல்காரியின் பெட்டி 138 என்று பச்சை காட்டிய அதே கையில் இப்போது 166. இன்னொரு முறை பார்த்தார்கள். 164.

"பெரிய பட்டையைச் சின்னக் கையில கட்டினா குறைச்சுத்தான் காட்டும்" என்றாள் செவிலி, குரல் இறங்கி. "உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"பெட்டியில எந்தப் பட்டை இருக்குன்னு உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள் தையல்காரி.

அண்ணனுக்கு அன்றே மாத்திரை தொடங்கினார்கள். ஐந்து சாவுக்கும் பட்டைதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஆனால் சரியாகப் பார்த்திருந்தால் அவர்களுக்கும் மாத்திரை கிடைத்திருக்க வாய்ப்புண்டு என்றார்.

திட்ட அதிகாரி கிளினிக்கிலேயே அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பெருசா வாங்கினா எல்லாக் கைக்கும் சுத்தும்னுதாம்மா வாங்கினோம். ஃப்ரீ சைஸ் மாதிரி."

"ஃப்ரீ சைஸ்னு ஒரு சைஸே கிடையாது சார். வாங்கறதுக்கு முன்னாடி எங்க தெருவுல ஒரு கையையாவது அளந்தீங்களா?"

"தெருவோட அழுத்தம் குறைஞ்சிடுச்சுன்னு அறிக்கை போயிருக்கு. அடுத்த தவணைப் பணம் வரப்போற நேரம். இப்போ இதைக் கிளப்பினா திட்டமே நின்னுடும். அடுத்த வருஷம் சின்னதும் வாங்கிடலாம். ஆறு மாசம்தானே?"

"அந்த ஆறு மாசத்துக்கு எங்க தெருவுல எத்தனை பேரை ஒதுக்கி வெச்சிருக்கீங்க சார்?"

அவள் சிறிய பட்டையையும் நடுத்தரப் பட்டையையும் பெட்டியில் எடுத்துக்கொண்டு நடந்தாள். செவிலி தடுக்கவில்லை, கூடவே வந்தாள். அன்று செவ்வாய்க்கிழமைகூட இல்லை. ஜன்னல்கள் வழக்கம்போலச் சாத்திக்கொண்டன. அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே இருக்கும் இருட்டைப் பார்த்துப் பேசினாள்: "என் கையில ஒண்ணுமில்லை. பட்டைதான் தப்பு. கையை நீட்டு." முதலில் நீட்டியது சாவி செய்கிறவன். அவனுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது, அழுத்தம் அதிகம். அதைப் பார்த்துத்தான் மற்ற கதவுகள் திறந்தன. டேப்பால் கையை அளந்து, பொருந்துகிற பட்டையைக் கட்டி, அந்த வாரத்தில் அறுபத்து நான்கு பேரைப் பார்த்தார்கள். போன மாதம் வரை ஏறக்குறைய எல்லாரும் பச்சை. இப்போது பத்தொன்பது பேர் சிவப்பு. ஐந்தைப் பத்தொன்பதோடு கூட்டிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெட்டி உங்கள் தெருவுக்கும் வரும், அல்லது வந்திருக்கும். கொண்டுவருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார். அவரைத் திட்ட வேண்டாம், அவருக்குப் பயப்படவும் வேண்டாம். பட்டையின் உள்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் படியுங்கள். அளவு பொருந்தவில்லை என்றால் பொருந்துகிற பட்டையைக் கேளுங்கள். அது வரும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.