சென்னகிருஷ்ணனின் பட்டு நெருப்பு

ஓசூர் கடைவீதியில் தகரக்கடை வைத்திருந்த சென்னகிருஷ்ணனின் வீட்டில் அடுப்பெரிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஓட்டல் இட்லி, மத்தியானம் அதே ஓட்டலில் சோறு, ராத்திரி பெரும்பாலும் வாழைப்பழம். மனைவி லட்சுமியம்மாள் சிங்காரப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கைக்குழந்தை காய்ச்சலில் போனபிறகு இவர் வாயைத் திறப்பதே இல்லை. அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "செவுத்துகூடக் குடும்பம் நடத்த என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவளை இவர் தடுக்கவும் இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் கிருஷ்ணகிரியில் பொருட்காட்சி போட்டார்கள். புகையில்லா அடுப்பைப் பெண்களுக்கு விளக்கச் சின்னதாக ஒரு மாதிரி வேண்டுமென்று கிராம சேவிகை ராஜாத்தி கடைக்கு வந்தாள்.

"அடுப்பு, புகைபோக்கி, மேல கூரை எல்லாமே ஒரு முழத்துக்குள்ள அடங்கணும் மேஸ்திரி. பொருட்காட்சி ஓலைப் பந்தல்ல நடக்குது, நெருப்புப் பத்தவைக்க விடமாட்டாங்க. ஆனா எரியற மாதிரியே தெரியணும்."

அடுப்பும் புகைபோக்கியும் சீக்கிரம் முடிந்தன. நெருப்புதான் வரவில்லை. சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை நாக்கு நாக்காக வெட்டி ஒட்டினார். திருவிழாத் தோரணம் மாதிரி இருந்தது. ஓட்டல் சமையல்கட்டில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடுப்பையே பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, குளிருதா?" என்றான் சமையல்காரன் முனிவேல்.

"நெருப்பு எப்படி இருக்குதுன்னு பாக்கறன்."

சிரிக்கப்போன முனிவேல், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தான்.

விறகை ஒட்டி நெருப்புக்கு நிறமே இல்லை. நடுவில் மஞ்சள். நுனியில்தான் சிவப்பு, அதுவும் நிற்காமல் அறுந்து அறுந்து போனது. பேரிகை கிராமத்துப் பக்கம் பட்டு நூல் எடுக்கும் கொட்டகைக்குப் போய்க் கழிவுப் பட்டு வாங்கிவந்தார். அதைச் சிலந்திவலை போலப் பிரித்து, நடுப்பகுதியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, நுனிக்கு மட்டும் சிவப்பு மை தொட்டு, துளையிட்ட தகரத்தில் நட்டார். அடியில் டார்ச் பல்பு. கடையில் கரி ஊதும் கைத்துருத்தியின் மூக்கைக் கீழே பொருத்தி அமுக்கியதும் பட்டு எழுந்து நெளிந்தது. நிதானமாக அமுக்கினால் துணி ஆடுவது போலிருந்தது. சின்னச் சின்னதாக, வேகமாக அமுக்கியபோது அசல் நெருப்பாகவே தெரிந்தது. அன்று சாப்பிடப் போகவும் மறந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். வந்து பாரென்று கூப்பிட வீட்டில் யாருமில்லை.

பொருட்காட்சியில் துருத்தி அமுக்கத் திரைக்குப் பின்னால் அவரே உட்கார்ந்தார். பெண்கள் கை நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு நாள் ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருத்தி குனிந்து, அணையப்போகும் அடுப்பை ஊதுவது போல ஊதினாள். திரை இடுக்கில் பார்த்தார். லட்சுமியம்மாள்.

அவர் கை நின்றுவிட்டது. அவள் மூச்சில் பட்டு சாய்ந்து எழுந்தது. உடன் வந்தவர்கள் சிரிக்க, வெட்கத்தோடு அவளும் சிரித்தாள்.

அவர் வெளியே வந்தார். "நான்தான் செஞ்சன்."

அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "இளைச்சுப் போயிட்டீங்க."

"ஓட்டல் சாப்பாடு" என்றார். "வந்துடறியா?"

"இத்தனை வருசமா இந்த வார்த்தை எங்க போச்சு?" கோபமில்லாமல்தான் கேட்டாள். "அங்கயே பழகிப்போச்சுங்க. திரும்பவும் ஆரம்பிக்கத் தெம்பு இல்ல."

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவள் போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவரே சிங்காரப்பேட்டைக்கு பஸ் ஏறினார். மச்சான் மரியாதையாகவே உட்காரவைத்தார். லட்சுமியம்மாள் பரிமாறினாள்.

"நம்ம பையன் போனப்ப..." என்று தொடங்கியவர் இலையைப் பார்த்தபடியே அழுதார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்கால பஸ்சுக்கு அவர் கிளம்பியபோது அவளே வாசல்வரை வந்தாள். வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, வா என்று அவரும் திரும்பக் கேட்கவில்லை. பஸ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. கிருஷ்ணகிரி வரும்வரை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினார்.