பழைய சாவிக்கு இரண்டு நாள்

ஆபீசில் அவளைக் ‘கையெழுத்தம்மா’ என்றுதான் கூப்பிட்டார்களாம். நர்ஸாக நான் பார்த்துக்கொள்ளப் போனபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. நரம்பு நோயில் காலும் குரலும் போய், வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். அந்த விரலால்தான் ஓர் ஆஸ்பத்திரியின் இணையப் பெயரைக் காத்துவந்தாள்.

அவளோடு ஆபீசில் வேலை பார்த்த ஒரு தம்பி எனக்கு விளக்கினான். ஆஸ்பத்திரியின் முகவரி என்ன என்று ஒரு கணினி கேட்டால், வரும் பதிலில் கையெழுத்து இருக்கும். அது சாவி எனப்படும் எண்தொடரோடு பொருந்தாவிட்டால், முகவரி சரியாகவே இருந்தாலும் நம்பாது. ஆஸ்பத்திரியே இல்லாதது போலாகிவிடும். கையெழுத்துப் போடும் நிரலை எழுதியவள் அவள். சாவியை மாற்றி, நிரலைத் தம்பியிடம் ஒப்படைக்க வேண்டும், விரல் போவதற்குள். வேறு எதற்கும் அவள் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை.

புதுச் சாவியைப் போட்டாள்; பெயர்களைப் பதியும் மேலிடத்துக்கும் சொல்லியாயிற்று. பழையதை இரண்டு நாள் விட்டுவைக்கும்படி தட்டிக் காட்டினாள். பழைய சாவியைப் பற்றி மேலிடம் முன்பு கொடுத்த குறிப்பைப் பல கணினிகள் அதுவரை மறக்காதாம். எனக்கு இது புதிதல்ல. முறை மாறும்போது, அடுத்த நர்ஸை நோயாளி அடையாளம் தெரிந்துகொள்ளும்வரை பழைய ஆள் கட்டிலை விட்டு நகரக்கூடாது என்றுதான் எங்களுக்கும் பயிற்சி. தம்பியிடம் அதைச் சொன்னேன்.

“கம்ப்யூட்டருக்கும் ஷிஃப்ட் போட்டுட்டீங்களா சிஸ்டர்?” என்று சிரித்தான்.

மறுநாள் காலை அவள் விரல் எழும்பவில்லை. அன்றே அவன், இனி எதற்கு என்று பழைய சாவியை அழித்துவிட்டான். மதியத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். டயாலிசிஸுக்கு முறை கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இணையப் பக்கமே திறக்கவில்லை. பழைய சாவியின் நகல் ஒரு கோப்பில் இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல் அவள் தலைக்குள் இருந்தது.

எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக என் விரலை நகர்த்தினேன். சரியான எழுத்து வந்ததும் கண்ணை மூடித் திறந்தாள். நடுவில் சளி அடைத்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

“தெரியாமப் பண்ணிட்டேன்க்கா,” என்று அவளைப் பார்த்து அவன் அழ ஆரம்பித்தான்.

“அழுறத அப்புறம் வச்சுக்கப்பா. இப்ப பதினாலாவது எழுத்தப் போடு,” என்றேன்.

பழைய சாவி திரும்பக் கிடைத்தது, ஒரு மணி நேரத்தில் பக்கம் திறந்தது. அவள் இன்னும் கண்ணை என் மேலேயே வைத்திருந்தாள். பலகையை மறுபடி எடுத்தேன். அவனிடம் ‘தொடாதே’ என்று சொல்லவைத்தாள்.

இரண்டு நாள் முடிந்து, மூன்றாம் நாள் காலை அவன் கட்டிலருகே வந்து நின்றான். “பழைய சாவிய இப்ப எடுக்கலாமாக்கா?”

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். எடுத்தான். ஆஸ்பத்திரிப் பக்கம் அப்படியே திறந்தது.

அந்த வாரமே, வியாழன் மாலை நாலு மணிக்கு, அவள் மூச்சு நின்றது. உடம்பைத் துடைத்துத் துணி மாற்றினேன். ஏட்டில் நேரத்தைக் குறித்தேன். அடுத்துப் பொறுப்பேற்கும் நர்ஸின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.