முந்திரிக்கொத்துக்கு ஒரு வாணலி

சபை வாலிபர் கூட்டத்தில் அன்பு பெரிதா, நியாயப்பிரமாணம் என்கிற வேதச் சட்டம் பெரிதா என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வாணலி நினைவுக்கு வரும். அங்கே அதைச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அப்போது அப்பா தெலுங்கு நாட்டில், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் டிரம் உருட்டிக்கொண்டிருந்தார். நகரத்தின் மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் ரசாயன நெடிதான். வரிசையாகச் சில போர்ஷன்கள், எல்லோருக்கும் ஒரே குழாய். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்தும் படித்துவிட்டதால், ஜெபத்தில் வேதம் வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் திக்கித் திக்கி வாசிப்பது அப்பாவுக்கு அப்படியே சட்டம். சிலைக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பதும் அப்படி வந்ததுதான்.

பக்கத்து போர்ஷனில் பெத்தம்மா இருந்தார். பெரியம்மாவைத் தெலுங்கில் அப்படிக் கூப்பிடுவார்கள். தங்கை பிறந்தபோது மொழி தெரியாத அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்ததும், அவளுக்காக நர்சுகளிடம் சண்டை போட்டதும் அவர்தான். அம்மாவுக்கு அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

ஒரு விநாயகர் சதுர்த்திக்குப் பூஜை முடிந்ததும் அவர் புளிஹோரா என்கிற புளிச்சோறும் அரிசி உருண்டையும் கொண்டுவந்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்பா, "படைச்சது நமக்கு ஆகாது" என்றார். எறிய மனம் வராமல் அம்மா அதை எதிர் ஷெட்டின் வாட்ச்மேனுக்குக் கொடுத்தாள். அவர் வாசலிலேயே உட்கார்ந்து தின்றதைப் பெத்தம்மா பார்த்துவிட்டார்.

"இனி அவுக மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்று அம்மா அழுதாள். பெத்தம்மா குழாயடியை விட்டுப் போன பிறகே குடத்தைத் தூக்குவாள். கடைசியில் பெத்தம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, "மீ அம்மக்கு நா மீத கோபமா?" என்று கேட்டார். உன் அம்மாவுக்கு என்மேல் கோபமா என்கிறார். வீட்டின் பண்டிதனாகிய நான் சட்டத்தைத் தெலுங்கில் விளக்கினேன். "அந்தேனா?" என்றார் அவர். அவ்வளவுதானா!

அடுத்த சதுர்த்தியன்று காலையிலேயே, தலையில் ஈரத் துண்டோடு, ஆவி பறக்கும் தட்டோடு எங்கள் வாசலில் நின்றார். "அன்னய்யா, தேவுடிகி இங்கா பெட்டலேது. முந்து மீகே."

"என்னல சொல்லுதாவ?" என்றார் அப்பா.

"இன்னும் சாமிக்கு வைக்கலையாம். மொதல்ல நமக்குத்தானாம்."

அப்பா எழுந்து நின்று தட்டை வாங்கினார். பெத்தம்மா திரும்பிப் போனதும் அடுத்த போர்ஷனில் அவர் கணவரின் சத்தம் கேட்டது. பதிலுக்குப் பெத்தம்மா, "மீரு ஊருகோண்டி!" என்று அதட்டினார்.

"என்ன சண்டை?"

"சாமிக்கு முந்தி இவங்களுக்கான்னு அவர் கத்துறார். சும்மா இருங்கன்னு பெத்தம்மா சொல்றாங்க" என்றேன், வாயில் உருண்டையோடு. புளிஹோரா பத்தாமல் போய்விடும் என்று அவர் பயப்படுகிறார் போல. நம் சட்டம் ஜெயித்துவிட்டது என்பதில் எனக்கு ஒரே பெருமை.

அப்பா கையில் எடுத்த சோற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தட்டை அவரே கழுவினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய்க் காரம் என்று நினைத்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா புதிதாக ஒரு வாணலி வாங்கிவந்தார். பெத்தம்மா வீட்டில் கறி, முட்டை எதுவும் கிடையாது. கறிச்சட்டியில் பொரித்தால், எங்கள் ஊர்ப் பண்டிகைப் பலகாரமான முந்திரிக்கொத்தை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? வீட்டையெல்லாம் கழுவி, புது எண்ணெயில் அம்மா பொரித்தாள். தூக்குச்சட்டி நிறைய அது பக்கத்து வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் ஆட்டுக்கறி வந்தது. நான் பசியில் முனகினேன். அடுத்த போர்ஷனில் பெத்தம்மாவின் கணவர் முந்திரிக்கொத்தைக் கடிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அம்மா சிரித்தாள்.

விடுமுறையில் ஒருநாள் முட்டை பொரிக்க அந்த வாணலியை எடுத்தேன்.

"ஏல, அதத் தொடாத! அதுல முட்ட ஆகாது" என்று அப்பா பாய்ந்து வந்தார்.

இத்தனை கண்டிப்பாகச் சொல்கிறாரென்றால் அது வேதத்தில்தான் இருக்கவேண்டும். ஆனால் நான் வாசித்துக் காட்டாமல் அவருக்கு எப்படித் தெரிந்தது? அன்று மத்தியானம் முழுக்கப் பக்கம் பக்கமாகத் தேடினேன். தின்னக் கூடாதவற்றில் பன்றி இருந்தது, ஒட்டகம் இருந்தது, முயல்கூட இருந்தது. முட்டை பொரிக்கக் கூடாத வாணலி மட்டும் எங்கேயும் இல்லை.