போல்ட் பண்ணேன் சார்

1991 அக்டோபர் 9, புதன்கிழமை. அன்று காலை கோதண்டம் தன் வாயாலேயே தன் வேலையைக் கெடுத்துக்கொண்டார் என்று கம்பெனியில் சொல்வார்கள். பொய். கெடுத்தது ஒரு இங்கிலீஷ் சொல், அதைத் தெரிந்தே அவர் வாயில் திணித்த இரண்டு பேர்.

கோதண்டம் ஒரகடத்துக்காரர். நெல் விதைத்த குடும்பம். படப்பையில் ஒரு லாரி ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கப் பழகி, தகடு வெட்டும் இந்த பிரஸ் கம்பெனிக்கு ஃபிட்டராக வந்தவர். அங்கிருந்த மெஷின்களையெல்லாம் தரையோடு முடுக்கி நிறுத்தியது அவர் கைதான். லைனில் அவருக்குப் பெயரே போல்ட்டு. "இன்னா போல்ட்டு, டீ குட்சியா?" என்றுதான் கூப்பிடுவார்கள்.

செப்டம்பரில் மூன்றாம் நம்பர் பிரஸ், டெனிசன் என்ற பையனின் இரண்டு விரல்களை நறுக்கிவிட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி கார்டை, வேலை மெதுவாகிறது என்று முந்தின வாரம்தான் மேனேஜர் கழற்ற வைத்திருந்தார். டெனிசனை வேனில் ஏற்றிய கையோடு ரத்தத்தின் மேல் மரத்தூளைக் கொட்டச் சொன்னார். அடுத்த ஆளை அதே பிரஸ்ஸில் உட்காரச் சொன்னார். கோதண்டம் குறுக்கே வந்தார். மெயினை அணைத்தார். மூலையில் கிடந்த கார்டைத் தூக்கிவந்து போல்ட் போட்டு முடுக்கினார். பிறகுதான் யாரையும் கிட்டே விட்டார்.

மேனேஜர் அதை மறக்கவில்லை. விபத்து நடந்ததும் ஃபிட்டர் மெஷினை விட்டு ஓடிப்போய்விட்டான், அதனால்தான் நஷ்டம் என்று குற்றம் சாட்டினார். நிரூபணமானால் வேலை போகும். விசாரிக்க மெட்ராஸிலிருந்து பாண்டுரங்கன் என்ற வக்கீல் வந்தார்.

மேனேஜர் அறையிலேயே விசாரணை. மேஜை மேல் ஒரு தட்டு போண்டா. டைப்ரைட்டர் முன்னால் காந்திமதி. கோதண்டத்துக்கு நாற்காலி போடவில்லை.

"ஆக்சிடென்ட் ஆனதும் நீங்க போல்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

கோதண்டத்தின் முகம் மலர்ந்தது. கடைசியில் ஒரு மனிதர் சரியான கேள்வி கேட்கிறார்!

"போல்ட் பண்ணேன் சார். உட்னே பண்ணேன்."

மேனேஜர் உதட்டைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்தார். காந்திமதியின் விரல்கள் ஒரு நொடி நின்றன. வக்கீல் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அதில் கோதண்டத்துக்குப் புரிந்தது போல்ட் என்ற ஒரு சொல்தான். தலையாட்டினார்.

வேலை முடிந்த குஷியில் வக்கீல் ஒரு போண்டாவை எடுத்தார்.

"அருமையான சொல் சார் இது," என்றார் மேனேஜரிடம். "ஆதியில போல்ட்னா அம்பு. குட்டையா, தலை தடிச்ச அம்பு. அந்த வடிவத்தைப் பார்த்துக் கதவுத் தாழ்ப்பாளுக்கு அந்தப் பேர் வந்தது, அப்புறம் இவங்க முடுக்கற ஆணிக்கு. அம்போட வேகத்தைப் பார்த்து ஓடறதுக்கும் வந்தது. குதிரை மிரண்டு பிச்சுக்கிட்டு ஓடுதே, அது போல்ட். இறுக்கிக் கட்டறதும் அதே சொல், தப்பிச்சு ஓடறதும் அதே சொல். மெல்லாம முழுங்கறதுக்குக்கூட அதுதான்!"

முழு போண்டாவை வாயில் போட்டு ஒரே விழுங்காக விழுங்கிக் காட்டினார். எண்ணெய் மோவாயில் வழிந்தது. மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கோதண்டம்னு ராமர் வில்லோட பேரை வெச்சுக்கிட்டு அம்பைத் தெரியலையேப்பா!" என்றார் வக்கீல்.

கோதண்டம் சிரிக்கவில்லை. "ஓடறதா? அப்போ நான் ஓடிட்டேன்னா எழுதிக்கிறீங்க?"

"நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க."

"நான் கார்டை முடுக்கினதச் சொன்னேன் சார்!"

"ஆமா சார், அவர் அதைத்தான் சொன்னாரு," என்றாள் காந்திமதி மெதுவாக.

"கேள்வி முடிஞ்சுபோச்சும்மா. நீ டைப்பிஸ்ட்டா, சாட்சியா?" என்றார் வக்கீல்.

அவள் தாளை உருவிக் கொடுத்தாள்.

வக்கீல் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார். அவர் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை பரவியிருந்தது. கோதண்டம் அந்தக் கறையையே பார்த்தார். மரத்தூளில் ரத்தம் ஊறியதும் இப்படித்தான்.

"தமிழ்ல எழுது. முடுக்கினான்னு எழுது, ஓடலன்னு எழுது. அப்பால போடறேன்." மரியாதை எப்போதோ கழன்று விழுந்திருந்தது.

"கையெழுத்துப் போட மறுத்தார்னு எழுதிக்கறேன். கோபம் எதுக்குப்பா, ஒரு போண்டா எடுத்துக்கோ."

"நீயே முழுங்கு."

வெளியே வந்து, குழாயடியில் மூன்று முறை வாய் கொப்பளித்தார். அங்கே அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டில், வருகை பதியும் அவருடைய பஞ்சிங் கார்டு இல்லை. செவ்வாய்க்கிழமை டெனிசனையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் லேபர் ஆபீசுக்குப் பஸ் ஏறினார்.