மண்ணக்காவின் இடது கை

நண்பகல் மணி அடித்ததும் மண்ணக்கா இடது சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவார். முன்கையில் டேப் ஒட்டிப் பிரித்த ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிரீம். எது சிவக்கிறது, எது வியர்வையில் வழிகிறது, எது தோல் நிறத்தோடு ஒட்டிப்போகிறது என்று பார்த்துக்கொண்டே வலது கையால் சாப்பிடுவார். "கையில என்னம்மா, அடியா?" என்று தெருவில் யாராவது கேட்டால், "இல்லீங்க, காயப் போட்டிருக்கேன்" என்பார்.

வெயிலுக்குப் பூசும் கிரீம் செய்கிற சின்ன கம்பெனி. அவர் கலக்குகிறவர், நான் லேபிள் எழுதுகிறவன். களிமண் பொடியைச் சலித்து விரலிடுக்கில் தேய்ப்பார். நறநறவென்றால் மறுபடி சல்லடை. "மண்ணே வெயிலை நிறுத்திடும்னு எழுதிடாதே தம்பி. தடுக்கிறது கூடச் சேர்க்கிற ஜிங்க் பொடி. மண்ணு அதுக்குக் கை குடுக்குது, நிறமும் குடுக்குது." ஒரு சொல் மிகையாக எழுதினால் அன்று முழுக்க என்னோடு பேச்சு கிடையாது. அப்படியொரு பிடிவாதம்!

எல்லாம் தன் தங்கைக்காக. தங்கை வீடு வீடாகத் தபால் கொடுப்பவர். ஒரு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையால் வெயில் பட்டாலே முகத்தில் கொப்புளம் வந்துவிடும். கிரீம் பூசாமல் வெளியே போகாதே என்றார் டாக்டர். கடைக் கிரீமோ அந்தக் கறுப்பு முகத்தில் சாம்பலாகப் படிந்தது. "மாவு மில்லுலயா வேலை?" என்று யாரோ கேட்க, தங்கை தெருமுனைக் குழாயில் கழுவிவிட்டு நடந்தார். மறுபடி கொப்புளம். மூன்று மாத லீவு. அதற்குள் சரியாகாவிட்டால் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து தபால் பிரிக்கிற வேலைதான். "என் தெருவெல்லாம் போச்சுக்கா" என்று அழுதாராம்.

தங்கைக்கென்று கலக்கிய முதல் கிரீமில் மண்ணக்கா ஆசைப்பட்டு மண்ணைக் கூட்டிவிட்டார். தங்கை சிரித்ததும் கன்னத்தில் விரிசல். "சிரிக்காம தபால் குடுக்கச் சொல்றியாக்கா?" அதன் பிறகுதான் இந்தக் கட்டங்கள். லீவு முடிய நான்கு நாள் இருக்கையில், சிவப்பு மண்ணும் பழுப்பு மண்ணும் சேர்ந்த ஒரு கலவை வெளிப் பரிசோதனைக் கூடத்திலும் தேறியது. எனக்கே கண் கலங்கிவிட்டது. மண்ணக்காவின் கை மட்டும் அதன் பிறகும் நண்பகலில் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, நேற்று, தபால் பையோடு தங்கை வந்து நின்றார். வழித்தெடுத்த காலி டப்பாவை மேசையில் வைத்தார். "இன்னொண்ணு குடு. முகத்துல என்னன்னு ஒருத்தர்கூடக் கேக்கலக்கா!"

மண்ணக்கா தங்கையின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நண்பகல் மணி அடித்தது. இடது சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.