பத்துதான் போச்சு

துணியை நீளவாக்கில் கிழிப்பதுபோல "சர்ர்ர்" என்று ஒரு சத்தம். கைபேசியிலிருந்து அது வரும்போதெல்லாம் எங்கள் ஊர் புதுவயல் அரிசி ஆலைகளின் அவித்த நெல் வாடையும் கூடவே என் மூக்கில் ஏறும், ஏனென்றால் அந்தச் சத்தத்தை நான் கேட்டதெல்லாம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்துதான். ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையில் குண்டடி பட்டவன் தனக்குத் தானே கட்டுப் போட்டுக்கொள்ளும் சத்தம் அது. நாலு நொடி ஆகும். கட்டு விழுந்ததும் திரையின் அடியில் குறைந்து கிடக்கும் வெள்ளைக்கோடு கொஞ்சம் நீளும், உயிர் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அதை என் அயித்தை மகன் சொக்கு ரசித்துக் கேட்டமாதிரி வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பாவின் தங்கை மகன், அடுத்த தெருவில் வீடு. எனக்கு அப்போது பதினைந்து, அவனுக்குப் பதின்மூன்று. முறைப்படி "மதினி" என்று கூப்பிடுவான், அதையும் கேலியாக இழுத்து இழுத்து. அவனுக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத சீக்கு. முழங்காலை எங்காவது லேசாக இடித்துக்கொண்டால்கூட மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து பலாக்காயாக வீங்கிவிடும், அயித்தை கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு ஊசி போட மதுரைக்குப் பஸ் ஏறுவாள். கபடி கிடையாது, சைக்கிள் கிடையாது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் எல்லோருடைய பைகளுக்கும் காவல். "தாய்வழியா வர்ற சீக்கு" என்று சொந்தக்காரர்கள் அயித்தை காதுபடவே பேசுவார்கள், அவளும் காது கேட்காத மாதிரி காபி ஆற்றிக் கொடுப்பாள்.

அப்பேர்ப்பட்டவன் விளையாட்டுக்குள் இறங்கினால் முதல் ஆளாகக் குண்டுமழைக்குள் ஓடுவான். எங்கே அடிபட்டால் எவ்வளவு போகும் என்பது அவனுக்கு மனப்பாடம். முழு உயிர் நூறு. தலையில் பட்டால் கதை முடிந்தது, ஹெல்மெட் இருந்தால் பாதி தப்பிக்கும். நெஞ்சில் பட்டால் கவசம் தாங்கும். கை காலில் பட்டால் கொஞ்சம்தான் போகும். மாடியிலிருந்து குதித்தால் அதற்கு ஒரு கணக்கு, ஜீப் மோதினால் அதற்கு ஒரு கணக்கு. எல்லாம் போய்க் கீழே விழுந்தாலும் உடனே சாவு இல்லை. கையும் காலும் ஊன்றித் தவழ்ந்துகொண்டே இருக்கலாம், கோடு சிவப்பாகி ஒழுகிக்கொண்டே இருக்கும், அதற்குள் கூட்டாளி ஒருவர் பக்கத்தில் வந்து பத்து நொடி அசையாமல் உட்கார்ந்தால் எழுந்துவிடலாம். எத்தனை தடவை நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்! "ஏண்டா இப்பிடிப் போய்ப் போய் விழுகுற, அறிவு இருக்கா?" என்று ஒருநாள் கத்தினேன். "விழுந்தாத்தான மதினி நீங்க வந்து தூக்குவீக" என்று சிரித்தான்.

அதில் ஒரு விஷயம் எங்கள் இருவருக்குமே வினோதமாகப் படவில்லை. நூறு இருப்பவனும் ஒன்று இருப்பவனும் ஒரே வேகத்தில்தான் ஓடுவார்கள். நொண்ட மாட்டார்கள், முனக மாட்டார்கள், தலை சுற்றாது. கோட்டைப் பார்த்தால்தான் தெரியும், ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் நாளடைவில் நிஜ அடிகளையும் அந்த எண்ணிலேயே பேசப் பழகிவிட்டோம். செருப்புக் கடித்தால் இரண்டு போச்சு, அப்பா குட்டினால் ஐந்து போச்சு.

அந்த வருஷக் கோடை விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாடிப்படியின் இரும்புக் கதவைக் குனியாமல் தாண்டி மேல்சட்டத்தில் தலையை "ணங்"கென்று இடித்துக்கொண்டான். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ரத்தம் இல்லை, நெற்றிக்கு மேலே ஒரு சின்னப் புடைப்பு. "பத்துதான் போச்சு மதினி, ஹெல்மெட் போடல" என்றான். அப்புறம் முகம் மாறி, "அம்மாகிட்ட சொல்லிராதீக" என்றான். சொன்னால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும்: மதுரை பஸ், ஊசி, ஒரு மாதத்துக்குக் கைபேசி பூட்டிய பீரோவுக்குள். அன்றைக்கோ விளையாட்டில் அந்த சீசனின் கடைசி நாள். இன்னும் நாலைந்து ஆட்டம் ஜெயித்தால் நாங்கள் மூன்று மாதமாக ஏங்கிய தரவரிசைக்கு ஏறிவிடலாம், இல்லாவிட்டால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பல வருஷம் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அவன் கெஞ்சியதற்காக நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தத் தரவரிசை வேண்டியிருந்தது. "சரி, உக்காரு, ஆரம்பி" என்றேன். ஆடினோம், ஏறினோம். பொழுது சாய அவன் இறங்கி வீட்டுக்கு நடந்து போனான், எப்போதும் போகிற அதே நடை.

மறுநாள் காலையில் வாந்தி எடுத்தான். தலை வலிக்கிறது என்று கத்தினானாம். மாமா, சொக்குவின் அப்பா, அரிசி லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருந்ததால் அப்பாவும் நானும்தான் அயித்தையோடு ஆம்புலன்ஸில் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்டார், "தலையில எங்கேயாவது அடிபட்டுச்சாம்மா?" அயித்தை, "இல்லைங்களே" என்றாள். நான் அவளுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றேன். நாக்கு வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்து அவர்களே கண்டுபிடித்தார்கள், மூளைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் சொக்கு போய்விட்டான்.

எட்டு வருஷமாகிவிட்டது. அந்த விளையாட்டு இப்போது எந்தக் கைபேசியிலும் கிடையாது, அவன் பெயரும் நாங்கள் ஏறிய அந்தத் தரவரிசையும் அதோடு அழிந்துபோயின. மொட்டைமாடியில் அறை கட்டி வாடகைக்கு விட்டுவிட்டோம். அயித்தை விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

போன மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகை அயித்தைக்குத்தான் வைக்க வேண்டும், மணமேடையில் அவள்தான் எனக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கையால் மாலை வாங்க எனக்கு என்ன யோக்கியதை? பத்திரிகையை வைத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்து, கதவில் இடித்ததையும் நான் மறைத்ததையும் டாக்டர் முன்னால் ஊமையாக நின்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பாள், வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

அயித்தை பத்திரிகையோடு வைத்த குங்குமச் சிமிழை மூடித் தள்ளி வைத்தாள்.

"எனக்குத் தெரியும் ஆத்தா" என்றாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அவனே சொல்லிட்டான், நீ பாத்ததையுஞ் சேத்து. தொட்டுப் பாத்தேன், லேசாத்தான் பொடச்சிருந்துச்சு. அந்த மாசத்துல மூணு தடவ மதுரைக்குப் போய்ட்டு வந்திருந்தேன், உடம்பெல்லாம் அப்பிடி ஓஞ்சு கெடந்துச்சு. விடியட்டும், பாத்துக்கிருவோம்னு நான்தான் அவனப் படுக்கச் சொன்னேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டரு கேட்டப்ப நீ எங்க சொல்லிப்புடுவியோன்னு பயந்து செத்துக்கிட்டு நின்னேன். சொன்னியன்னா, அவன் எங்கிட்டச் சொன்னதும் வெளிய வந்திரும், தெரிஞ்சும் எப்பிடி விட்டேன்னு உங்க மாமா கேப்பாகல்ல? நீ வாயத் தொறக்கல. அந்த நேரத்துல மனசுக்குள்ள உன்னயக் கையெடுத்துக் கும்புட்டேன்டி."